விடுப்பில் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 6, திங்கள்

சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. அரசுக் கொள்முதல் விதிகளையும் டெண்டர் முறையையும் திருத்தப் போகிறார்களாம். களத்தில் இருக்கும் பொறியாளர்கள் யோசனை சொல்ல வேண்டுமாம். இருபத்தேழு வருஷமாக நாய் படாத பாடு படுகிறேன், இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது இந்த மகராசன்களுக்கு!

எழுதினேன். சாப்பிடக்கூடப் போகாமல் ஒன்பது பக்கம் எழுதினேன். முன்பு நகராட்சி வராந்தாவில் டெண்டர் பெட்டி இருக்கும். சுற்றி ஆறு தடியன்கள் நிற்பார்கள். வெளியாள் யாராவது கவரோடு வந்தால் பிடுங்கிக் கிழித்துப் போடுவார்கள். அதை ஒழிக்கிறோம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். ஒழிந்ததா? தடியன்கள் வராந்தாவை விட்டு ஏசி அறைக்குள் போனார்கள், அவ்வளவுதான். குறைந்த ரேட்டுக்கு வேலை எடுக்கிறவன் சிமெண்டில் கை வைப்பான், கம்பியில் கை வைப்பான். கடைசியில் சுவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்ட உதவிப் பொறியாளர். அதாவது இந்தத் தனுஷ்கோடி.

என் மனைவி இந்திராணி, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பிழை பார்க்கக் கொடுத்தேன். சிவப்பு மையால் ஒற்றுப் பிழைகளைச் சுழித்துவிட்டு, "எல்லாம் சரி, தள ஆய்வுச் சான்ற பத்தி ஒண்ணுமே எழுதலையே?" என்றாள்.

"அது சின்ன விஷயம்" என்றேன்.

சின்ன விஷயம்தான். டெண்டர் போடுகிறவர் வேலை நடக்கப் போகும் இடத்தை நேரில் பார்த்தார் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒற்றைத் தாள். அது இல்லாத டெண்டரை முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். இரண்டு நிமிஷ வேலை.

பிப்ரவரி 8, புதன்

இந்திராணியின் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறைக் கட்டடம் கட்ட டெண்டர் வந்துவிட்டது. கடைசி நாள் 21, மாலை மூன்று மணி.

காலையில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது இருக்கும். டிப்ளமா சிவில் படித்துவிட்டுப் பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாளாம். இப்போது சொந்தமாக இரண்டாம் வகுப்பு ஒப்பந்ததாரர். பெயர் சகாயராணி.

"ஸ்கூலுக்குப் போயி அளந்தே பாத்துட்டு வந்துட்டேன் சார். அறுநூறு பிள்ளைகளுக்கு நாலே கக்கூஸ், அதுல ஒண்ணுக்குக் கதவு இல்ல. நீங்க ஒரு எட்டு வந்தீங்கன்னா சான்று வாங்கிக்கிட்டு டெண்டர் போட்டுருவேன்."

"வெள்ளிக்கிழமை வாங்கம்மா."

"இப்பவே போயிருவோமா சார்? ஆட்டோ நிக்கிது. மூணு வருஷத்துல ஒரு வேலையாவது எடுத்திருக்கணும், இல்லன்னா மார்ச் 31-ஓட என் பதிவு போயிரும். மறுபடி கடைசி வகுப்புல இருந்து ஏறி வரணும். ஆறு டெண்டர் போட்டேன் சார். ஆறுலயும் சான்று கெடைக்கல."

அந்த ஆறில் நாலு என் வார்டுகளில் நடந்தவை என்று அவள் சொல்லவில்லை. தெரிந்தே சொல்லாமல் விட்டாளா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் போனதும் நகராட்சிப் பொறியாளர் சந்தனராஜ் கூப்பிட்டார். "தனுஷ்கோடி, இது வைரவன் வேலை. டெண்டர் முடியிற வரைக்கும் ஃபீல்டுலயே இருந்துக்கங்க" என்றார்.

வைரவன் எங்கள் ஊரில் பெரிய ஒப்பந்ததாரர். எங்கள் ஆபீசில் இதற்கு ஒரு முறை உண்டு. வேலை யாருக்கு என்று முடிவாகிவிட்டால், டெண்டர் முடியும் வரை உதவிப் பொறியாளர் யார் கண்ணிலும் படக் கூடாது. நான் ஏற்படுத்திய முறை அல்ல. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு தார்ச்சாலை டெண்டருக்காகத் திருப்பதிக்குப் போய் மொட்டையே போட்டுக்கொண்டு வந்தார். நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கினதில்லை. ஒரு தடவை முறையை மீறியதற்குக் கூடலூருக்குத் தூக்கி அடித்தார்கள், மூன்று வருஷம் குளிரில் கிடந்தேன். அதைக் கேட்க எந்தக் கமிட்டி வந்தது?

பிப்ரவரி 10, வெள்ளி

நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறையில். கொசு. அந்தப் பெண் ஒன்பதரைக்கு வந்து ஐந்தரை வரை ஆபீசில் உட்கார்ந்திருந்தாளாம். சாப்பிடப் போகவில்லையாம். யார் உட்காரச் சொன்னது?

பிப்ரவரி 12, ஞாயிறு

வைரவன் அண்ணாச்சி ஆட்களைக் கூட்டி வந்து மாடி ஒழுகலை அடைத்துக் கொடுத்தார். பணத்தை நீட்டினேன். "என்ன சார், வேத்தாளா நானு?" என்று கையைத் தள்ளிவிட்டார். கொடுத்ததை வாங்காவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

போகும்போது ஆபீஸ் தாள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார். வழக்கமானதுதான்.

பிப்ரவரி 13, திங்கள்

அந்தப் பெண் மோட்டார் அறைக்கே வந்துவிட்டாள். பின்பக்க வாய்க்காலைத் தாண்டிக் குதித்து வீட்டுக்கு வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், முட்டி வலியோடு! இந்த லட்சணத்தில் ஒரு அரசாங்க உத்தியோகம்.

சந்தனராஜ் யோசனைப்படி நாளை முதல் 21 வரை மருத்துவ விடுப்பு. மெட்ராஸ் ஐ என்று சான்று வாங்கினேன். டாக்டர் என் கண்ணைப் பார்க்கக்கூட இல்லை. "எத்தன நாளைக்கு வேணும்?" என்று மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த நாட்டில் தொழில் தர்மம் என்பதே செத்துப் போய்விட்டது.

பிப்ரவரி 15, புதன்

ராஜபாளையத்தில் மச்சினன் வீடு. வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. எதிர்வீட்டுக்காரர், "கண்ணு செவக்கவே இல்லையே சார்?" என்கிறார். அடுத்தவன் கண்ணை ஆராய்வதைத் தவிர இந்தத் தெருவில் யாருக்கும் வேறு வேலை கிடையாது.

இந்திராணி போன் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன். "உடம்பு சரியில்லாதவங்கள தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல" என்றாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

சாயங்காலம் நாலு மணி. மணி அடித்தது. பால்காரர் என்று கதவைத் திறக்கப் போனவன் ஜன்னல் வழியே பார்த்தேன். அவள்! கையில் படிவம், பேனா. பஸ்ஸில் வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் புழுதி. இந்த விலாசம் இந்திராணிக்கு மட்டும்தானே தெரியும்!

அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏம்மா, வீட்டுக்கெல்லாம் வரலாமா? கண்ணு வலி. ஒட்டிக்கும், கிட்ட வராதீங்க."

"ஒட்டிக்கிரட்டும் சார், பரவால்ல. கையெழுத்து மட்டும் போடுங்க."

"படிக்க முடியலம்மா."

"நான் வாசிச்சுக் காட்டுறேன். ஆறு வரிதான்."

வாசித்தும் காட்டினாள்! தெருவில் நின்றுகொண்டு, பிழையில்லாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மச்சினன் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன.

"ஆபீஸ் ஸீல் இங்க இல்லம்மா. ஸீல் இல்லாம செல்லாது."

"அப்ப ஒங்க சார்புல ஆபீசுல வேற யாரு போடுவாங்க? பேரச் சொல்லுங்க, நாளைக்கே போறேன்."

வேறு யாரும் போட முடியாது. அந்த வார்டுக்கு நான் ஒருவன்தான். அதைச் சொன்னேன். படிவத்தை மடித்துக்கொண்டாள். பிறகு, "ஒரு டம்ளர் தண்ணி குடுக்கச் சொல்லுங்க சார்" என்றாள். மச்சினன் மனைவி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

என்ன திமிர்! விடுப்பில் இருக்கும் அதிகாரியின் வீட்டுக்கு வந்து கையெழுத்துக் கேட்க எந்த விதி அனுமதிக்கிறது? அப்புறம் யாரும் என்னோடு பேசவில்லை. மச்சினன் மனைவி காபிகூடக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

மணி மூன்று ஆகிவிட்டது. கண் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 27, திங்கள்

டெண்டர் பிரித்தார்கள். மொத்தம் நாலு. வைரவன், அவர் மருமகன், அவர் கணக்குப்பிள்ளை, சகாயராணி. தள ஆய்வுச் சான்று இல்லை என்று அவளுடையதைத் தள்ளிவிட்டார்கள். வேலை வைரவனுக்கு, மதிப்பீட்டைவிட நாலேமுக்கால் சதவீதம் அதிகத்துக்கு. அவள் போட்டிருந்த ரேட் என்ன என்று கடைசிவரை திறந்து பார்க்கவே இல்லை. திறக்காத ரேட்டை எப்படி அதிகம், குறைவு என்று சொல்வது? இந்த விதிகளை எழுதினவன் கையில் கிடைத்தால் கேட்பேன்.

மார்ச் 3, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

டெண்டர் போட்டவர்களுக்கு மற்றவர்களின் தாள்கள் இணையத்தில் தெரியும். அந்தப் பெண் அவற்றை எடுத்துப் பார்த்திருக்கிறாள். வைரவன், மருமகன், கணக்குப்பிள்ளை மூன்று பேருடைய சான்றிலும் என் கையெழுத்து, என் ஸீல். தேதி மூன்றிலும் பிப்ரவரி 17!

பதினேழாம் தேதி. நான் கண்ணைத் திறக்க முடியாமல் ராஜபாளையத்தில் கிடந்த பதினேழு. ஸீல் இல்லையென்று அவளிடமே சொன்ன பதினேழு. நகராட்சி ஆணையருக்கும் மண்டல இயக்குநருக்கும் மனு போட்டுவிட்டாள், என் விடுப்பு உத்தரவின் நகலோடு.

வைரவனுக்கு மூளை இருக்கிறதா? பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு, ஸீல் குத்தி, தேதியை மட்டும் விட்டுக் கொடுத்தால், பதினாலாம் தேதிக்கு முன்னால் ஒரு தேதியைப் போடத் தெரிய வேண்டாமா? கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து நிரப்பச் சொன்னாராம், அந்த மடையன் காலண்டரில் அன்றைய தேதியைப் பார்த்துப் போட்டானாம். நம்பிக் கொடுத்ததற்கு இதுவா மரியாதை? வெளியில் கத்தவும் முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நான் திருடன் இல்லை, பழமொழிக்குச் சொன்னேன்.

மார்ச் 6, திங்கள்

சந்தனராஜ் ஒரு வழி சொன்னார். விடுப்பை ரத்து செய்துவிட்டு, பதினேழாம் தேதி பணியில் இருந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பணியில் இருந்தேன் என்றால், அந்தப் பெண்ணுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். விடுப்பில் இருந்தேன் என்றால், இந்த மூன்று சான்றும் எப்படி வந்தன என்று கேட்பார்கள். இதைச் சொன்னேன்.

"அப்ப டைம் வாங்குங்க. மார்ச் முடிஞ்சா அந்தப் பொம்பளைக்குப் பதிவே இருக்காது. அப்புறம் மனுவ யாரு தூக்கிக்கிட்டு அலைவா?" என்றார்.

மார்ச் 13, திங்கள்

விசாரணை. மண்டல அலுவலகத்திலிருந்து தில்லைநாயகி என்ற அம்மா வந்திருந்தார். குரலை உயர்த்தாத அதிகாரி. எனக்கு இந்த ரகத்தைக் கண்டாலே பயம்.

"ஒரே கேள்விதான் தனுஷ்கோடி. பிப்ரவரி 17 நீங்க எங்க இருந்தீங்க? இன்னைக்கு எழுதிக் குடுத்தா இன்னைக்கே டெண்டர ரத்து பண்றேன். ஏழு நாள் கெடு வச்சு மறுபடி விட்டா மாசம் முடியறதுக்குள்ள எல்லாரும் போடலாம்."

"எல்லாரும்" என்று சொல்லும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த சகாயராணியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் பார்வை பார்த்திருப்பேன்.

ஆவணங்களைப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். விதிப்படி அது என் உரிமை.

மார்ச் 20, திங்கள்

ரத்த அழுத்தம் என்று சான்று கொடுத்து இன்னும் இரண்டு வாரம் வாங்கினேன். அழுத்தம் நிஜமாகவே இருக்கிறது. இந்தத் தடவை பொய் இல்லை.

மார்ச் 24, வெள்ளி

இந்திராணியோடு சண்டை. சாம்பாரில் உப்பு இல்லை என்றேன். அதிலிருந்து ஆரம்பித்தது.

"நான் மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல, தெரியுமா ஒங்களுக்கு?"

"ஏன்?"

"ஏனா? டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நாலு கக்கூஸ். பிள்ளைக வயித்தப் பிடிச்சுக்கிட்டு வரிசைல நிக்கும்போது நான் எப்படி முந்திக்கிட்டுப் போவேன்? பெரிய பிள்ளைக மாசத்துல மூணு நாள் ஸ்கூலுக்கே வர்றதில்ல. டாக்டர் எனக்கு நீர்க்கடுப்புன்னு மூணு தடவ மாத்திரை எழுதினாரே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே நீ!"

"சொன்னேன். 'அது இன்ஜினியர் செக்‌ஷன் வேலை'ன்னீங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் வேறு எதற்காகவோ இருக்கும். கட்டின மனைவியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மனிதன் எங்கே போவான்? தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மார்ச் 27, திங்கள்

ஆண்டு இறுதி பில் வேலை. போக முடியவில்லை.

மார்ச் 31, வெள்ளி

பில்கள் எல்லாம் முடிந்தன. வேறொன்றும் விசேஷமில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

குதிரை கீழே தள்ளினதோடு விடாமல் குழியும் பறித்ததாம். சந்தனராஜ் எனக்குத் தெரியாமல் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். என் விடுப்பு அவருக்கே சந்தேகமாக இருந்ததாம். சான்றுகளை நான் தனிப்பட்ட முறையில் விற்றிருக்கலாம் என்று கருதுகிறாராம். விற்றேனாம்! நானா! கூடலூர்க் குளிரைக் காட்டிக் காட்டி எட்டு வருஷம் என்னை வாய்க்கால் தாண்ட வைத்த மனுஷன் எழுதுகிறான் இப்படி!

நேரே மண்டல அலுவலகம் போனேன். தில்லைநாயகி அம்மா முன்னால் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். கண் வலி பொய். ராஜபாளையம். பத்து வெற்றுத் தாள். யார் சொல்லி, எத்தனை வருஷமாக, எந்தெந்த டெண்டர், எல்லாம். மாடி ஒழுகலைக்கூட எழுதினேன்.

அந்த அம்மா படித்துவிட்டு, "இத மார்ச் 13 அன்னைக்கு எழுதியிருக்கலாமே" என்றார்.

"மனசாட்சி கேக்கல மேடம். அதான் வந்துட்டேன்" என்றேன். அவர் சந்தனராஜின் கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

ஏப்ரல் 6, வியாழன்

டெண்டர் ரத்து. சந்தனராஜும் நானும் தற்காலிகப் பணிநீக்கம். வைரவன் கம்பெனிக்குத் தடை. எங்கள் மண்டலம் முழுக்க இனிமேல் தள ஆய்வுச் சான்று கிடையாது. இடத்தைப் பார்த்துவிட்டேன் என்று டெண்டர் போடுகிறவரே உறுதிமொழி கொடுத்தால் போதும். இரண்டு வரி உத்தரவு. என் ஒன்பது பக்கத்தை எவனும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

வேலை போனாலும் ஒரு நல்ல காரியம் என்னால் நடந்திருக்கிறது. அந்தப் பெண் போன் பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை. நன்றி என்பது இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கிறது?

ஏப்ரல் 11, செவ்வாய்

பொறுப்பை ஒப்படைக்க ஆபீஸ் போனேன். கழிப்பறைக்கு மறு டெண்டர் விட்டாயிற்று. பதினாலு பேர் கேட்டிருக்கிறார்களாம். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு டெண்டருக்கும் பதினாலு பேர் வந்து பார்த்ததில்லை.

கீழே ஒப்பந்ததாரர் பதிவுப் பிரிவில் சகாயராணி நின்றுகொண்டிருந்தாள். எழுத்தர் கோமதிநாயகம் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மார்ச் 31-ஓட ஒங்க பதிவு முடிஞ்சிருச்சும்மா. மூணு வருஷத்துல ஒரு வேலைகூட எடுக்கலன்னு காட்டுது. இந்த டெண்டர் ரெண்டாம் வகுப்புலயும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு. ஒங்களால போட முடியாது."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "மனுசனாய்யா நீங்க? இந்த ரூலே இந்தம்மாவாலதான் மாறியிருக்கு! பதினோரு நாள், வெறும் பதினோரு நாளப் பாத்து விட முடியாதா? எடுக்க விட்டாத்தானே வேலை எடுப்பாங்க!" என்று கத்தினேன். மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கோமதிநாயகம் எழுந்து நின்றார். பயந்துதான் நின்றார். "எனக்குப் புரியுது சார். ஆனா எனக்கு அந்த அதிகாரம் இல்ல. போன மாசம் ரத்தாகி மறு டெண்டர் வந்திருந்தா இவங்க போட்டிருக்கலாம். உத்தரவு மூணாந்தேதிக்கு அப்புறந்தான வந்துச்சு. வாக்குமூலம் லேட்டுன்னு ஃபைல்ல இருக்கு."

வாக்குமூலம் லேட்டு. ஒரு வாரம் ஒரு தடவை, இரண்டு வாரம் ஒரு தடவை. இரண்டு மனுவிலும் என் கையெழுத்து, தேதியோடு. அவளை நான் டெண்டருக்கு ஒரு தடவை, விசாரணைக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சந்தனராஜ் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் நிறுத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன். இதை எழுதவே கை கூசுகிறது.

"இல்லம்மா, நான் கமிஷனர்கிட்ட பேசுறேன்..." என்று அவள் பக்கம் திரும்பினேன்.

சகாயராணி தாள்களை ஃபைலுக்குள் அடுக்கி நாடாவைக் கட்டினாள். கடைசி வகுப்புப் பதிவுக்கு ஒரு விண்ணப்பம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோமதிநாயகத்துக்கு நன்றி சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"அவரத் திட்டாதீங்க சார். இல்லைங்கிறத இவராவது நேர்ல உக்காந்து சொல்றாரு."